குவளை கிணுங்கும் ஓசை

ஒலிப்பதிவு வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கச்சேரிப் பதிவை உட்கார்ந்து துடைத்தேன். இருமல், நாற்காலி இழுபடும் ஓசை, முணுமுணுப்பு என எதையும் விடவில்லை. முடித்துவிட்டுக் கேட்டால் பாட்டு செத்துக் கிடந்தது. பாடியவர் வேண்டுமென்றே விட்ட இடைவெளிகளெல்லாம் வெறும் ஓட்டைகளாகிவிட்டிருந்தன.

அது ஏன் என்று எனக்குப் புரியவைத்தது, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு என்ற நிலவறை ஜாஸ் விடுதியில் 1961 ஜூன் 25 ஞாயிறன்று எடுத்த பதிவு. பியானோவில் பில் எவன்ஸ், டபுள் பேஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷியன். பிற்பகலில் இரண்டு சுற்று, இரவில் மூன்று. ஒலிப்பதிவாளர் டேவ் ஜோன்ஸ். முதல் பாட்டின் நடுவிலேயே மின்சாரம் தடைப்பட்டிருக்கிறது. அந்த நொடியில் அவர் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பதிவில் 'மை ஃபூலிஷ் ஹார்ட்' கேளுங்கள். மோஷியன் குச்சியால் அடிப்பதில்லை. பிரஷ்ஷால் தோலை வருடுகிறார். எங்கோ ஒரு மேசையில் குவளை கிணுங்குகிறது, யாரோ பேசுகிறார்கள். அந்தக் குவளைதான் எனக்கு அளவுகோல். வீட்டில் ஒலியை எவ்வளவு கூட்டி வைத்தாலும், இவர்கள் எவ்வளவு மெல்ல வாசித்தார்கள் என்பதை அது சொல்லிவிடும். ஒரு குவளைக்கும் பேச்சுக்கும் அடியில் நின்று மூன்று பேர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குவளை ஓசையை அழித்தால் அந்த மென்மைக்குச் சாட்சியே இல்லை.

லஃபாரோவுக்கு வயது 25. பேஸ் என்றால் தாளத்துக்குக் காவல் நிற்கும் வாத்தியம் என்ற வழக்கத்தை விட்டு, மேல்ஸ்தாயிக்கு ஏறிப் பியானோவுக்குப் பதில் சொல்கிறார். சில இடங்களில் கேள்வியே அவருடையது. எவன்ஸ் கையை எடுத்துக்கொண்டு இடம் விடுவதை என்னால் கேட்க முடிகிறது. இதைத் தனித்தனி அறைகளில் வைத்துப் பதிந்து ஒட்டிவிட முடியாது.

பதினோராம் நாள், ஜூலை 6 அன்று, கார் விபத்தில் லஃபாரோ இறந்தார். எவன்ஸ் பல மாதங்கள் மேடையேறவில்லை.

இரவின் கடைசிச் சுற்றில் லஃபாரோ இயற்றிய 'ஜேட் விஷன்ஸ்' அடுத்தடுத்து இருமுறை வாசிக்கப்படுகிறது. கனத்த தந்திகள் அறை முழுக்க மெதுவாக அதிர்கின்றன. பிறகு கைத்தட்டல், எண்ணிவிடலாம் போலச் சில கைகள். அந்தக் கடைசிக் கையும் ஓயும்வரை நான் ஹெட்போனைக் கழற்றுவதில்லை.