புள்ளகுட்டி இல்லாதவர்கள்

மைன்ஸ் பேராலயத்தில் ஒரு கல்லறைச் சிற்பம் இருக்கிறது. 1249இல் இறந்த பேராயர் மூன்றாம் சீக்ஃபிரீட் நடுவில் பெரிதாக நிற்கிறார். இரு பக்கமும் பொம்மை அளவில் இரண்டு அரசர்கள். அவர்கள் தலையிலுள்ள கிரீடங்களில் அவர் கை வைத்திருக்கிறார். படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் யோசித்தேன்: கடவுளுக்கு ஊழியம் செய்ய வந்தவர் கையில் கிரீடம் எப்படி வந்தது?

கொடுத்தது அரசர்களேதான். 953இல் மன்னர் முதலாம் ஓட்டோவுக்கு எதிராகச் சொந்த மகனும் மருமகனுமே கலகம் செய்தார்கள். மருமகனிடமிருந்த லோத்தரிங்கியாவைப் பிடுங்கித் தன் தம்பி புரூனோவிடம் கொடுத்தார் ஓட்டோ. புரூனோ அதே ஆண்டில் கொலோன் பேராயர் ஆனவர். இதில் ஒரு நல்ல கணக்கு இருந்தது. பிரபுவுக்குக் கொடுத்த நிலம் மகனுக்குப் போகும், பேரனுக்குப் போகும். துறவிக்குக் கொடுத்தால் அவருக்குப் பின் அடுத்த ஆளை அரசரே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு எங்கள் வீட்டிலும் உண்டு. "புள்ளகுட்டி இல்லாத மனுஷன், யாருக்குச் சேத்து வைக்கப் போறாரு?" என்பார் அம்மா, தேர்தல் நேரத்தில்.

1062இல் நான்காம் ஹென்றிக்கு வயது பதினொன்று. தாய் ஆக்னஸ் அவனுக்காக ஆட்சி செய்துகொண்டிருந்தார். ரைன் கரையில், கைசர்ஸ்வெர்த்தில், கொலோன் பேராயர் அன்னோ படகு காட்டுகிறேன் என்று பையனை அழைத்தார். ஏறியதும் படகு கிளம்பிவிட்டது. பயந்துபோன பையன் ஆற்றில் குதித்தான். எக்பெர்ட் என்ற பிரபு பின்னாலேயே குதித்துக் காப்பாற்றினார். பையன் பிழைத்தான், ஆட்சி அன்னோ கைக்குப் போனது.

அன்னோவுக்கும் பிள்ளை கிடையாது. ஆனால் மறு ஆண்டே அவருடைய சகோதரர் வெர்னர் மாக்டெபுர்க் பேராயர் ஆனார். 1066இல் இன்னொரு உறவினர் குனோவை ட்ரியர் பேராயராக்கினார்கள்; ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், பதவியேற்கும் முன்பே குனோ கொல்லப்பட்டார். மகன் இல்லாதவருக்கும் சொந்தபந்தம் இருக்குமே!

மென்பொருள் வேலையில் ஒருவருக்கு அட்மின் அனுமதி கொடுப்பதற்கு முன், அதைத் திரும்ப எடுப்பது எப்படி என்று கேட்போம். ஓட்டோவின் வாரிசுகளிடம் அந்த வழி குறுகிக்கொண்டே போனது. 1122இல் வோர்ம்ஸ் உடன்படிக்கை ஆயர் நியமனத்தில் அரசரின் பிடியைத் தளர்த்தியது. 1356இல் பொன் முத்திரை ஆணை அரசரைத் தேர்ந்தெடுக்க ஏழு பேரை நிர்ணயித்தது. மைன்ஸ், கொலோன், ட்ரியர் என மூவர் பேராயர்கள். கடைசி வாக்கு மைன்ஸுக்கு. மூன்றுக்கு மூன்று என்று நின்றால் முடிவு அவர் வாயில்.

ஆட்களை நியமித்தவரின் வாரிசு, ஆட்களின் வாக்குக்குக் காத்திருந்தார்.

அம்மாவின் கேள்வி நல்ல கேள்விதான். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கலாம் என்று தோன்றுகிறது: இவருக்குக் கொடுத்ததை நாளைக்கு யார் திரும்ப வாங்குவது?