சிபியூவைத் தூக்கிக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு..!

சென்னை அண்ணா சாலையில் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால், ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. மடியில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி ஆட்டோவில் ஒருவர், அதே மாதிரி பெட்டியை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டு இன்னொருவர் என எல்லோரும் ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருப்பார்கள். அந்தப் பெட்டிக்குச் சரியான பெயர் கேபினெட். ஆனால், இந்த ஊரில் ‘சிபியூ’ என்று சொன்னால்தான் புரியும்.

பெயரில்தான் இது ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, நடுவே ஓடும் சந்துகள், அந்தச் சந்துகளுக்குள் நிற்கும் காம்ப்ளெக்ஸ்கள் எல்லாம் சேர்ந்ததுதான் ரிச்சி ஸ்ட்ரீட். டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தை என்று இதைச் சொல்வார்கள். நடந்து பார்த்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பொருள் வாங்க வந்தால் ஒரு நாள் போதாது.

இந்த இடத்துக்குக் கைத்தொழில் புதிதல்ல. சிந்தாதிரிப்பேட்டை என்ற பெயரே ‘சின்னத் தறிப்பேட்டை’யிலிருந்து வந்தது என்பார்கள். 1734-ல் கிழக்கிந்திய கம்பெனி நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை இது. பக்கத்து மீரான் சாகிப் தெரு, ஒரு காலத்தில் சினிமா விநியோகஸ்தர்களின் கோட்டை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் முதலில் வந்தது ரேடியோ பாகங்கள். பிறகு டேப் ரெக்கார்டர், டி.வி, அசெம்பிள்டு கம்ப்யூட்டர், செல்போன், சிசிடிவி கேமரா என்று காலம் மாற மாறச் சரக்கும் மாறியது. கூவத்துக்கு அந்தப் பக்கம் புதுப்பேட்டையில் பழைய கார்களைப் பிரித்து விற்கிறார்கள். இந்தப் பக்கம் கம்ப்யூட்டர். அவ்வளவுதான் வித்தியாசம்.

காலை 11 மணிக்குமேல்தான் தெரு சூடு பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. தெருமுனையில் கால் வைத்ததுமே, “என்ன சார் பாக்குறீங்க? லேப்டாப்பா, கேமராவா, கேமிங் பிசியா?” என்று இரண்டு பேர் கூடவே நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். பாவம், அவர்களுக்கும் கமிஷன்தான் வருமானம். கோபப்பட வேண்டாம். “ஏற்கெனவே ஒரு கடையில சொல்லியிருக்கேன்” என்றால் விலகிவிடுவார்கள்.

இந்தத் தெருவுக்கு வரும் கூட்டத்தில் கணிசமானவர்கள் இப்போது பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். கூடவே கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி ஓர் அம்மா அல்லது அப்பா. புகார் எல்லோருக்கும் ஒன்றுதான்: “கேம் லேக் ஆகுது.” இந்த மூன்று சொற்களை மட்டும் சொல்லிக்கொண்டு கடையேறினால், பெரும்பாலும் கிடைக்கும் பதிலும் மூன்று சொற்கள்தான்: “கார்டு மாத்தணும் தம்பி.” கார்டு என்றால் கிராஃபிக்ஸ் கார்டு. கேமிங் பெட்டியில் பெரும்பாலும் விலை உயர்ந்த பாகம் அதுதான்.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. விற்பது அவர் வேலை. எது கெட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. அதைச் செய்கிறவர்கள் இந்தத் தெருவில் தரைத்தளத்தில் அதிகம் இருப்பதில்லை. குறுகலான மாடிப்படியேறினால், ஒரு கட்டில் போடக்கூட இடமில்லாத அறையில், மேசை முழுக்க போர்டுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டின் உண்மையான சொத்து இந்த மாடி அறைகள்தான்.

ஒரு சனிக்கிழமை மதியம் அப்படியொரு அறை. கல்லூரி முதல் வருடம் படிக்கும் பையனும் அவன் அம்மாவும் பெட்டியோடு மூச்சு வாங்க ஏறி வருகிறார்கள். கீழே ஒரு கடையில் 30,000 ரூபாய்க்குப் புது கார்டு போடச் சொல்லியிருக்கிறார்கள். சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. ஆனால், அது செமஸ்டர் ஃபீஸுக்கு என்று எடுத்துவைத்தது. அம்மாவுக்கு மனசு வரவில்லை. பையனுக்கோ இந்தப் பெட்டியில்தான் வீடியோ எடிட்டிங் வேலை, அதில் வரும் கைச்செலவுக் காசு, ராத்திரி நண்பர்களோடு விளையாட்டு எல்லாமே.

மெக்கானிக் பெட்டியைத் திறக்கவே இல்லை. முதலில் கேள்விகள்.

“எப்போ ஆஃப் ஆகுது? கேம் போட்ட உடனேயா, கொஞ்ச நேரம் கழிச்சா?”

“மேட்ச் ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்துல ணா. எடிட்டிங்ல இப்படி ஆகுறது இல்ல.”

“ஸ்க்ரீன் நீலமா வருதா, அப்படியே ஹேங் ஆகி நிக்குதா?”

“ரெண்டும் இல்லணா. கரன்ட் போன மாதிரி டப்புனு ஆஃப்.”

“அதுக்கு முன்னாடி கேம் ஸ்லோ ஆகுமா?”

“இல்லணா. நல்லாத்தான் ஓடும்.”

இந்தப் பதில்களில் பாதி வேலை முடிந்துவிட்டது. பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு விதமாக முரண்டு பிடிக்கும். சூடு பிரச்னை என்றால், விளையாட்டு முதலில் நன்றாக ஓடி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் திக்க ஆரம்பிக்கும். பிராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்வதுதான் காரணம். ரேம் பிரச்னை என்றால் நேரம் காலம் கிடையாது. பிரவுசர் பார்க்கும்போதுகூட நீலத் திரை வரும், சில நாள் பெட்டி ஆனே ஆகாது. விளையாட்டு லோடு ஆகவே ஐந்து நிமிடம் எடுத்து, ஆரம்பித்த பிறகு ஓரளவு ஒழுங்காக ஓடினால், பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகப்பட வேண்டும். எந்த அறிவிப்பும் இல்லாமல் விளக்கணைத்தாற்போல் ஆஃப் ஆனால், முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மீதுதான். வீட்டு மின்சாரத்தை வாங்கி, பெட்டிக்குத் தேவையான மாதிரி மாற்றிக் கொடுக்கும் பாகம் அது.

மெக்கானிக் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுகிறார். உள்ளே தூசி மெத்தை. பிளோயரால் ஊதுகிறார். அறையே இருமுகிறது. பிராசஸர் மேலிருக்கும் ஃபேனைக் கழற்றி, காய்ந்துபோன பேஸ்ட்டை வழித்துவிட்டு, பயறளவு புதுப் பேஸ்ட் வைக்கிறார். மறுபடி ஓடவிட்டால் சூடு 70 டிகிரிக்குள் நிற்கிறது. ஆனாலும், சரியாக ஆறாவது நிமிடம், டப்!

அடுத்துத்தான் இந்தத் தெருவின் வித்தை. அலமாரியிலிருந்து நன்றாக வேலை செய்யும் ஓர் எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்து, பெட்டிக்கு வெளியே வைத்தபடியே வயர்களை மாட்டுகிறார். வேறு எதையும் தொடவில்லை. இருபது நிமிடம், அரை மணி நேரம்... விளையாட்டு நிற்காமல் ஓடுகிறது.

‘நல்ல பாகத்தை மாற்றிப் போட்டுப் பார்’ என்பது உலகெங்கும் உள்ள கம்ப்யூட்டர் மெக்கானிக்குகளின் முதல் பாடம். வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது. யாரிடம் இரண்டு கார்டும் மூன்று எஸ்எம்பிஎஸ்ஸும் சும்மா கிடக்கின்றன? ஆன்லைனில் வாங்கி மாட்டிப் பார்த்துத் திருப்பியனுப்புவதும் எல்லா நேரமும் நடக்காது. இந்தத் தெருவில் எதிர் அறைக்குக் குரல் கொடுத்தால் எந்த மாடலும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நேரத்தில் ஒரு பாகத்தைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றிச் சரியானால், எது குற்றவாளி என்று தெரியாமலே இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டியதுதான்.

கழற்றிய எஸ்எம்பிஎஸ்ஸை மெக்கானிக் அந்த அம்மாவிடம் காட்டுகிறார். மேலே பெரிதாக 450 வாட்ஸ் என்று அச்சடித்திருக்கிறது. கீழே பொடி எழுத்தில் ஓர் அட்டவணை. அதில் 12 வோல்ட் என்ற இடத்தில் 18 ஆம்பியர். “12-ஐ 18-ஆல பெருக்குங்கம்மா.” அம்மா மனக்கணக்குப் போடுகிறார்: 216. பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட் கரன்ட்டைத்தான். அப்படிப் பார்த்தால் இது 216 வாட்ஸ் வண்டி. எடிட்டிங்குக்குத் தாங்கியது. விளையாட்டில் கார்டு முழு வேகத்துக்குப் போனபோது தாங்கவில்லை.

“அப்போ கார்டு வேணாமாப்பா?”

“வேணாம்மா. இதை மட்டும் மாத்துங்க. ஆனா, இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. நல்ல கம்பெனியா, பில்லோட வாங்குங்க.”

பில் விஷயம் முக்கியம். “பில்லோட வேணுமா, பில் இல்லாம வேணுமா?” என்பது இங்கே பழகிப்போன கேள்வி. கம்ப்யூட்டர் பாகங்களுக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி என்பதால் பில் இல்லாத விலை ஆசை காட்டும். ஆனால், வாரன்ட்டி என்று போய் நிற்கும்போது கையில் காகிதம் இல்லையென்றால் பேச்சே இல்லை.

இந்தத் தெருவுக்கு வராமலே சரிசெய்யக்கூடிய புகார்களும் நிறைய உண்டு என்பதை மாடி அறைக்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். மானிட்டர் கேபிளை கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல், மேலே மதர்போர்டில் இருக்கும் ஓட்டையில் செருகிவிட்டு, “கார்டு வாங்கியும் வேகமே இல்ல” என்று வருபவர்கள் உண்டு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, விண்டோஸ் செட்டிங்ஸில் 60-லேயே விட்டிருப்பார்கள். ஒரே 16 ஜிபி ரேமுக்குப் பதில் இரண்டு 8 ஜிபி போட்டால், தனி கார்டு இல்லாத பெட்டிகளில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இரண்டையும் சரியான ஸ்லாட்டில் செருக வேண்டும். நாலு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நாலாவதும். தேதியும் நேரமும் தினம் பழையதாகிப்போனால், போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி செத்துவிட்டது. ஒரு டீ, பஜ்ஜிக் காசில் முடிகிற வேலை. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? பாகத்தைப் பார்க்கும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்திங்கைப் பாருங்கள்.

பெட்டி ஆனாகவில்லையென்றால் ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் துடைத்து மாட்டுவது நம் ஊரின் பிரசித்தி பெற்ற வைத்தியம். கடற்காற்றும் ஈரப்பதமும் உள்ள சென்னையில் இது பல நேரம் பலிக்கவும் செய்கிறது. அந்தத் தங்க முலாம் மெல்லியது என்பதால் மென்மையாக, எப்போதாவது செய்தால் போதும். மாதாமாதம் தேய்க்கிற நிலை வந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

செகண்ட்ஸ் கார்டு வாங்க வருபவர்களுக்கு இந்தத் தெரு சொர்க்கம். கொஞ்சம் வழுக்கும் சொர்க்கம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு, கிராஃபிக்ஸ் கார்டுகளை வைத்துச் சம்பாதிப்பதற்கு முடிவு கட்டியது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்தன. அப்படி ஓடியதாலேயே ஒரு கார்டு கெட்டது என்று அர்த்தமில்லை. ஃபேன் தேய்ந்திருக்கலாம், பேஸ்ட் காய்ந்திருக்கலாம். கடையிலேயே மாட்டி, கனமான ஒரு விளையாட்டை இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்துச் சூட்டைக் கவனியுங்கள். பழைய கார்டுக்குப் புது மாடல் பெயரை ஏற்றி விற்கும் வேலையும் நடக்கிறது. ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் பல போலிகளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்கிற கடையில் வாங்கவே வேண்டாம்.

கார்டு பெரியதாக இருந்தால் வரும்போதும் போகும்போதும் அதைத் தனியாகக் கழற்றி அட்டைப்பெட்டியில் எடுத்துச் செல்வது நல்லது. முடியாவிட்டால், மதர்போர்டு கீழ்ப்பக்கம் வரும்படி கேபினெட்டைப் படுக்கவைத்தால் கார்டு செங்குத்தாக நிற்கும். நம் ரோட்டுப் பள்ளத்தில் ஸ்லாட் உடையாது.

மாடியறையில் புது எஸ்எம்பிஎஸ் மாட்டி முடித்ததும், “பழசை எடுத்துட்டுப் போகட்டுமா ணா?” என்கிறான் பையன். மெக்கானிக் அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்க்கிறார். “எடையே இல்ல பாரு. உள்ள ஒண்ணும் வைக்கல. வீட்டுல வச்சா நாளைக்கு வேற பெட்டில மாட்டிடுவே. குடுத்துட்டுப் போ” என்று சொல்லிவிட்டு, அதிலிருக்கும் ஃபேனை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, மீதியைக் கதவோரம் இருக்கும் கோணிப்பைக்குள் போடுகிறார். மாலையில் பழைய சாமான்காரர் வந்து எடைக்கு எடுத்துக்கொள்வார்.