வரப்பைத் தாண்டிய தீ

மன்னார்குடிப் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. தாளடி அறுத்து கோடை உழவுக்கு இறங்கும்போது, மூன்று வருடம் தொடர்ந்து வயலிலேயே வைக்கோலைக் கொளுத்தினேன். கேட்டவர்களிடம் "பழைய கலப்பை, வைக்கோலுக்குள்ள போகமாட்டேங்குது" என்றேன். கலப்பையில் ஒரு போல்ட்டைக்கூடத் தொட்டுப் பார்க்காத என் சோம்பல்தான் காரணம்.

அறுவடை வண்டி வைக்கோலைக் கோடுகோடாகக் கொட்டிவிட்டுப் போகும். அடியில் ஒரு சாண் தாள் நிற்கும். மழையில் நனைந்துவிட்டால் கட்டு கட்டவும் யாரும் வரமாட்டார்கள். அதில் ஒன்பது கொத்துக் கலப்பையை இறக்கினால், இருபதடி போவதற்குள் கொத்துகளுக்கிடையே வைக்கோல் திரண்டு இடுப்பளவு போராகிவிடும். டிராக்டர் டிரைவர் அண்ணன் முதல் வருடமே சொன்னார்: "நாலு கொத்தைக் கழட்டிருங்க தம்பி." அஞ்சு கொத்தில் உழுதால் பாதி வேலைதானே நடக்கும் என்று எனக்கு வீம்பு. ஆழம் போகட்டுமென்று, கலப்பையை மேலே டிராக்டரோடு இணைக்கும் டாப் லிங்கை வேறு சுருக்கினேன். கலப்பை மூக்கு குத்தி, முன்வரிசையே எல்லாவற்றையும் வாரிக்கொண்டது.

மூன்றாம் வருடத் தீ காற்றில் வரப்பைத் தாண்டியது. பக்கத்து வயல் பெரியப்பா வைத்திருந்த தென்னங்கன்றில் இரண்டு கருகிப்போயின. கருகிய குருத்தை அவர் விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரோ பீடியைப் போட்டிருப்பான்" என்றேன். அவர் நம்பினார்.

போன கோடையில்தான் கலப்பையில் கை வைத்தேன். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு ராத்திரியே மண்ணெண்ணெய் விட்டு, காலையில் நாலு கொத்தைக் கழற்றினோம். மீதி ஐந்தை முன்னே இரண்டு, பின்னே மூன்றாக அகட்டி மாட்டினோம். தேய்ந்த கொழுக்களைத் திருப்பிப் போட்டு, டாப் லிங்கை நீட்டிச் சட்டத்தை மட்டமாக்கினோம். வைக்கோல் வரிசையைக் கலைத்துப் பரப்பிவிட்டு, பனி காய்ந்த பிறகே ஓட்டினோம். ஈர வைக்கோல் கயிறாகச் சுற்றும். காய்ந்தது நொறுங்கி வழிவிடும். இடையில் விட்டுப்போன மண்ணைக் குறுக்கு உழவு எடுத்துக்கொண்டது. கலப்பையைச் சரிசெய்ய ஆனது அரை நாள்.

ஒரு டன் வைக்கோல் எரிந்தால் சுமார் ஐந்தரை கிலோ தழைச்சத்து புகையாகப் போகிறது. அப்படிப் போக்கிவிட்டு, யூரியா மூட்டைக்குக் கடன் சொல்லி நின்றவன் நான்.

பெரியப்பா, நேரில் சொல்ல வாய் வரவில்லை. படித்துக் காட்டச் சொல்லி உங்கள் பேரனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அந்த இரண்டு கன்றும் பீடியால் கருகவில்லை. நான் வைத்த தீ அது.