மீதி ஒரு ரூபாய்

ஊரில் இருந்த பூர்வீக நிலத்தைப் பத்து லட்சத்துக்கு விலை பேசி முடித்தோம். ஆபீசில் அக்கவுன்ட்ஸ் பார்ப்பவன் என்பதால், பங்கு பிரிக்கும் வேலை என் தலையில். அண்ணன் தம்பிகள் ஆறு பேர், ஒரு தங்கை.

"அவளுக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சே... ஆறா வகுடா" என்றார் பெரியண்ணன்.

வகுத்தேன். 1,66,666... கால்குலேட்டரில் வரிசையாக ஆறு. சப்பென்று இருந்தது.

சும்மா ஏழால் வகுத்தேன். 1,42,857. அட, நம்ம பழைய சிநேகிதன்! இரண்டால் பெருக்கினால் 2,85,714. மூன்றால் 4,28,571. நான்கு, ஐந்து, ஆறு என்று போனால் 5,71,428, 7,14,285, 8,57,142. அதே ஆறு இலக்கங்கள், ராட்டினத்தில் உட்கார்ந்த மாதிரி வரிசை குலையாமல் சுற்றுகின்றன. ஏழால் பெருக்கினால்? 9,99,999!

"பார்த்தீங்களாண்ணே, ஆறு வரைக்கும் சுத்தின இடத்தையே சுத்துது. ஏழு சேர்ந்தாத்தான் எல்லாம் ஒம்பது!"

"கணக்கு வாத்தியார் மாதிரி பேசாதே!"

"சரி. பத்திரத்துல அவளும் கையெழுத்துப் போடணுமேண்ணே..."

கணக்கு உடனே புரிந்துவிட்டது அண்ணனுக்கு.

ஏழு பங்கும் போக மீதி ஒரு ரூபாய். அதை மட்டும் அவர் விடவில்லை. "மூத்தவன் பங்கு" என்று பைக்குள் போட்டுக்கொண்டார்.