உபாத்தியாயர் இல்லாத பள்ளிக்கூடம்

பாரிஸுக்குப் போகிறவர்கள் ஐபெல் கோபுரத்தையும் லூவ்ர் சித்திரசாலையையும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். நாமும் அந்தக் கடனைக் கழித்த பிறகு, நகரின் வடமேற்கு ஓரத்திலுள்ள பெஸ்ஸியேர் சாலைக்குச் சென்றோம். டிராம் வண்டி ஓடும் அச்சாலையில் 96-ஆம் எண் கட்டடத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் பெயர் "42". ஓர் ஆங்கில ஹாஸ்ய நவீனத்தில், பிரபஞ்ச ரகசியத்துக்கெல்லாம் விடையாக வரும் எண் அது. கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் வித்தையைப் பயிலும் இவ்விடத்தில் சம்பளம் கிடையாது, பிரசங்கம் கிடையாது, உபாத்தியாயரும் கிடையாது! இருபது வருஷமாகக் கரும்பலகையின் முன் நின்று தொண்டை வற்றிய நமக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதை 2013-இல் சிலருடன் சேர்ந்து ஸ்தாபித்தவர் ஸவியே நியேல் என்னும் செல்வர். அவர் பிழைத்த விதம் கவனிக்கத்தக்கது. 1982 முதல் பிரெஞ்சு சர்க்காரின் தபால் தந்தி இலாகா, சிறு திரையும் எழுத்துப் பலகையும் கொண்ட "மினிடெல்" யந்திரத்தை டெலிபோன் வைத்திருந்த வீடுகளுக்கு இனாமாகவே கொடுத்து வந்தது. விலாசம் தேடலாம், ரயிலில் இடம் பதியலாம். செலவு டெலிபோன் பில்லில் ஏறும். அதில் ஒரு பங்கு சேவை நடத்துபவருக்குப் போகும். நியேல் இளம்பிராயத்திலேயே அதில் கடை விரித்தார். (அக்கடைச் சரக்கில் சில, குடும்பப் பத்திரிகையில் விவரிக்கத்தக்கவை அல்ல.) பின்னர் இணையத்தோடு டெலிபோனையும் டெலிவிஷனையும் ஒரே பெட்டியில் சேர்த்து, மாதம் 29.99 யூரோவுக்குத் தந்தது அவர் கம்பெனி. 2012 ஜனவரியில் 2 யூரோ கைப்பேசிச் சந்தாவை அறிவித்ததும், மற்றக் கம்பெனிகளும் விலையைக் குறைக்க நேர்ந்தது. மினிடெல் அவ்வருஷம் ஜூன் 30-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. நடுவில் நிற்பவரை நீக்கினால் சரக்கு மலிவாகும் என்ற வியாபாரக் கணக்கையே அவர் பள்ளிக்கும் போட்டார் என்பது நம் அபிப்பிராயம்.

அங்கே சேர முன்படிப்புச் சான்றிதழ் வேண்டியதில்லை. முதலில் நான்கு வாரம் "பிஸீன்", அதாவது நீச்சல் குளம். அதில் தத்தளித்துக் கரையேறியவர்களே மாணாக்கர் ஆகலாம். ஒருவன் செய்த வேலையை இன்னொரு மாணாக்கன் பக்கத்தில் அமர்ந்து, கேள்வி கேட்டுச் சோதிக்கிறான். பிறர் வேலையைச் சோதித்தால் புள்ளி சேரும்; தன் வேலையைக் காட்ட அப்புள்ளியைச் செலவிட வேண்டும். இதோடு "மூலினெத்" என்ற நிரல் ஒன்றும் திருத்துகிறது. பிரெஞ்சுச் சமையலறையில் காய்கறி மசிக்கும் கைச்சுற்று யந்திரத்தின் பெயரை அதற்கு இட்டிருக்கிறார்கள்!

பிள்ளைக்குப் பிள்ளை சொல்லித் தரும் இம்முறையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். பிறனுக்கு விளக்க முற்படும்போதுதான் தனக்கு எது விளங்கவில்லை என்பது தெரிகிறது. ஆனால் இது புதுமை என்று யாரேனும் சொன்னால் ஒப்புவதற்கில்லை. நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்ததென்ன? சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த பையன்களைக்கொண்டே இளையவருக்குப் போதிக்கவும் செய்தார். அதைப் பற்றி 1797-இல் லண்டனில் நூலும் வெளியிட்டார். "சென்னை முறை" என்றே அதற்குப் பெயர் வந்தது. 1815 முதல் பாரிஸிலேயே, பரஸ்பர போதனை என்று இவ்வகைப் பள்ளிகள் நடந்தன.

ஒரு வித்தியாசம் உண்டு. திண்ணையில் சட்டாம்பிள்ளைக்குப் பின்னால் வாத்தியாரும் உட்கார்ந்திருந்தார். பிரம்பை நாம் ஆதரிக்கவில்லை. அந்தக் கண்ணைத்தான் சொல்லுகிறோம். கேள்வி கேட்கவே வெட்கப்படும் பையனை அது பார்த்துவிடும். குளத்தில் இறங்கி, ஒருவரிடமும் பேசாமல், இரண்டாம் வாரம் வீடு திரும்பும் பிள்ளையை மூலினெத் எப்படி அறியும்? அவன் கெட்டிக்காரனாகவும் இருக்கக்கூடும்.

இதே பிரான்ஸில் 2018-இல் ஒரு சட்டம் செய்து, ஏறக்குறைய பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகள் பள்ளியில் கைப்பேசி உபயோகிக்கலாகாதென்று தடுத்தார்கள். அந்த வகுப்புகளில் உபாத்தியாயர் வேண்டாமென்று இதுவரை எந்தச் செல்வரும் நம் காதில் விழச் சொல்லவில்லை.