விடை வந்த பின்

அடையாற்றின் கழிமுகத்திற்குத் தெற்கே, கடலை முற்றமாகக் கொண்டு விளங்குவது ஊரூர் ஒல்காட் குப்பம். மணற்கரையே அங்குள்ள மீனவர்க்குப் படகு ஏற்றும் துறை. வலை உலர்த்தும் களம். 2010ஆம் ஆண்டை ஒட்டி, கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடலோரமாக மேம்பாலச் சாலை அமைக்கும் திட்டம் எழுந்தபோது, மீனவர் அதனை எதிர்த்தனர்.

இத்தகைய குறையை எவரிடம் உரைப்பது? தெருவிளக்கு எரியவில்லையெனின் மாமன்ற உறுப்பினரிடம் உரைக்கலாம். மாநில அரசு அமைக்கும் சாலையெனின் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுதல் வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளை வகுப்பது நடுவணரசு. ஆதலின் அவை பற்றி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுதல் தகும்.

“தக்க நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது” என ஒருவரி விடை வரலாம். அது கண்டு சினத்தலும் ஆகாது. பணி முடிந்ததென்று அமைதலும் ஆகாது. அக்கடிதம் எந்த அலுவலகத்திற்குச் சென்றது, அங்கு என்னாயிற்று என்று வினவுதல் வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, கேட்ட தகவலுக்கு அலுவலர் 30 நாளில் விடையளிக்கக் கடமைப்பட்டவர்.

மாணவர்காள்! வாக்களிக்கும் கைக்கு எழுதுகோல் ஏந்தும் கடனும் உண்டு என்பதை மறவாதீர்.