பேராற்றங்கரையில் முதல் நாள்

ஸ்பெயினின் தென்பாகத்துச் செவில் நகரை அரபு நூல்கள் இஷ்பீலியா என்று கூறும். அதன் நதி குவாதல்கிவிர். 'அல்வாதில் கபீர்', அதாவது பேராறு என்பதன் திரிபே அது. 1248இல் ஆட்சி மாறிற்று. ஆற்றின் பெயர் மாறவில்லை.

முதல் நாட்காலையில் நாங்கள் இருவரும் பேராலயத்துக்குச் சென்றோம். முவஹ்ஹிதுகளின் ஜாமிஆப் பள்ளி நின்ற இடம் அது. 1198இல் முற்றுப்பெற்ற மினாரா இன்று மணிக்கோபுரம். மேலே ஏறப் படிகளில்லை, 35 சாய்தளங்கள். மோதினார் குதிரையிலேயே ஏறிச் செல்வாராம். துணைவியாரின் முழங்காலுக்கும் அது பேருதவி.

நகரை வென்ற மன்னர் மூன்றாம் பெர்டினாண்டின் அடக்கத்தலமும் அங்கேதான். லத்தீன், காஸ்டிலியம், ஹீப்ரு மொழிகளோடு அரபியிலும் அதில் பொறித்திருக்கிறார்கள். அந்தலூஸை எண்ணி அழும் நம்மவர்கள் இதனை ஏனோ சொல்வதில்லை.

பள்ளியின் பழைய முற்றம் முழுதும் கிச்சிலி மரங்கள்.

"நம்மூர் நாரத்தை போலல்லவா இருக்கிறது! ஊறுகாய் போடலாமே" என்றார் துணைவியார். ஸ்பானியர் சொல்லும் 'நாரன்ஹா', அரபு 'நாரஞ்ச்' வழி வந்தது. அதன் மூலம் நம் நாரத்தையோடு உறவுடையதென்பர் மொழிநூலார். கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது.

வெளிவாயிலின் வெண்கலக் கதவில் கூஃபி எழுத்துகள். மக்கள் பாராமலே கடந்து சென்றுகொண்டிருந்தனர்.

"என்ன எழுதியிருக்கிறது? வாசியுங்களேன்."

வாசித்தோம்: "அல்முல்கு லில்லாஹ்." ஆட்சி அல்லாஹ்வுக்கே.